இரண்டாம் இடத்தில் நின்ற இசைத்தட்டு

1967 மார்ச் 2-ஆம் தேதி வெளியான பிரிட்டனின் 'ரெக்கார்டு ரீட்டெயிலர்' வார இதழின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது 'ரிலீஸ் மீ' என்ற பாட்டு. பாடியவர் எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க். ஆறு வாரம் அந்தப் பாட்டு அந்த இடத்தை விட்டு இறங்கவில்லை. அதே சமயத்தில் மேலே ஏறப் பார்த்து இரண்டாம் இடத்தோடு நின்றுபோனது பீட்டில்ஸ் குழுவினரின் தட்டு. ஒரு பக்கம் 'பென்னி லேன்', மறுபக்கம் 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்'. ராக் இசையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் உச்சியில் வைத்துப் பேசும் தட்டு அது. 1963 ஏப்ரலில் வந்த 'ஃப்ரம் மீ டு யூ' தொடங்கி 1966 ஆகஸ்டு வரை அவர்கள் பிரிட்டனில் வெளியிட்ட 11 சிங்கிள்களும் முதலிடம் பெற்றிருந்தன. அடுத்த தட்டில் அந்த வரிசை அறுந்தது.

அறுத்தவர் பிறந்த ஊர் மெட்ராஸ். பட்டியல் வந்த நான்காம் நாள், மார்ச் 6 அன்று, அதே மெட்ராஸில் அண்ணா முதலமைச்சராகப் பதவியேற்றார். ஊரெல்லாம் அந்த வெற்றியைப் பற்றிய பேச்சாக இருந்த வாரத்தில், இந்த ஊரில் பிறந்து பத்து வயதில் கப்பல் ஏறிப்போன ஒருவர் லண்டனில் பெற்ற வெற்றியைக் கவனிக்க இங்கே யாருக்கும் நேரம் இருந்திருக்காது.

இந்தக் கதையை ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாக ஒரே மாதிரிதான் சொல்லி வருகிறார்கள்: உயர்ந்த பாட்டு தோற்றது, சாதாரணப் பாட்டு ஜெயித்தது, ஜனங்களின் ரசனை அவ்வளவுதான். இதை நான் ஏற்கவில்லை. எந்தக் கடையில் எண்ணினார்கள், யார் எண்ணினார்கள், எதை எண்ணாமல் விட்டார்கள் என்று பார்த்தால்தான் ஒரு பாட்டின் வெற்றி என்ன என்பது தெரியும். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்தில் வளர்ந்த எனக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. எங்கள் கரிசல் காட்டில் பாட்டு ஓடிய ஓட்டத்தை யாரும் கடைக் கணக்கில் அளந்ததே இல்லை.

முதலில் அந்த மெட்ராஸ்காரரைப் பார்க்கலாம். இயற்பெயர் ஆர்னால்டு ஜார்ஜ் டார்சி. 1936 மே 2-ஆம் தேதி பிறந்தவர். தகப்பனார் பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தார். வீட்டில் பத்துப் பிள்ளைகள். போர் முடிந்த கையோடு குடும்பம் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்துக்குப் போய்விட்டது. அங்கே சாக்ஸபோன் கற்று, கிளப்புகளில் வாசித்து, பிறகு பாட்டுக்குத் திரும்பினார். 1950களின் கடைசியில் ஜெர்ரி டார்சி என்ற பெயரில் டெக்கா நிறுவனத்துக்கு ஒரு தட்டு பாடினார். அது எடுபடவில்லை. 1961-இல் காசநோய் கண்டு மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பாடகனுக்கு நெஞ்சில் நோய் வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எழுந்து வந்தபோது மேடைகள் அவரை மறந்திருந்தன.

அவரைத் தூக்கி நிறுத்தியவர் கோர்டன் மில்ஸ். முன்பு டார்சியோடு லண்டனில் ஒரே ஜாகையில் குடியிருந்தவர். டாம் ஜோன்ஸ் என்ற வேல்ஸ் பாடகரை உலகறியச் செய்த மேனேஜர் அவர்தான். அவர் பிறந்ததும் மெட்ராஸில்தான், 1935-இல். தகப்பனார் பிரிட்டிஷ் சிப்பாய். மில்ஸ் வளர்ந்தது வேல்ஸின் நிலக்கரிப் பள்ளத்தாக்கில். பஸ் கண்டக்டராக வேலை பார்த்தவர், மவுத்ஆர்கன் வாசித்தவர், பாட்டும் எழுதியவர். ஒரு வருஷ இடைவெளியில் ஒரே ஊரில் பிறந்து, ஆளுக்கொரு திசையில் வளர்ந்து, லண்டனில் ஒரே கூரையின் கீழ் சேர்ந்த இந்த இருவரின் கைகளும் சேர்ந்ததுதான் 'ரிலீஸ் மீ' தட்டு. தமிழில் இதை யாரும் விரிவாக எழுதாமல் விட்டது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. நம் ஊரில் பிறந்தார் என்ற பெருமைக்காகச் சொல்லவில்லை. கண்டோன்மெண்டுகளும் ரயில்வே குடியிருப்புகளும் இருந்த அன்றைய மெட்ராஸுக்கு ஓர் இசை வாழ்க்கை இருந்தது. நம் சங்கீத வரலாறுகளில் சபாவும் சினிமாவும் இருக்கின்றன. அதற்கு மட்டும் இடம் கிடைக்கவில்லை.

பெயரை மாற்றியவரும் மில்ஸ்தான். 'ஹேன்சல் அண்டு கிரெட்டல்' என்ற இசை நாடகத்தை எழுதி 1921-இல் இறந்துபோன ஜெர்மானிய இசையமைப்பாளர் எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க்கின் பெயரை அப்படியே எடுத்து, 1965-இல் டார்சிக்குச் சூட்டினார். இசையமைப்பாளரின் குடும்பத்தார் எதிர்த்தார்கள். அதனால் ஜெர்மனியில் மட்டும் பாடகர் வெறும் எங்கல்பர்ட்டாகவே அறியப்பட்டார்.

'ரிலீஸ் மீ' அவருக்கென்று எழுதப்பட்ட பாட்டல்ல. 1940களின் பிற்பகுதியில் எடி மில்லர் முதலானோர் அமெரிக்காவில் எழுதிய நாட்டுப்புறப் பாணிப் பாட்டு. 1954-இல் ரே பிரைஸும் கிட்டி வெல்ஸும் தனித்தனியே பாடி ஓடியது. 1962-இல் எஸ்தர் பிலிப்ஸ் என்ற கறுப்பினப் பாடகி பாடியபோது ரிதம் அண்டு புளூஸ் பட்டியலில் முதலிடம் பெற்றது. வேறொருவர் மீது மனம் போய்விட்டது, என்னை விட்டுவிடு என்று கூட வாழ்பவரிடம் கெஞ்சும் பாட்டு. டெக்கா அதை 1967 ஜனவரியில் வெளியிட்டது. கொஞ்ச நாள் அசைவில்லை. பிறகு, 'சண்டே நைட் அட் தி லண்டன் பலேடியம்' என்ற மிகப் பிரபலமான டெலிவிஷன் நிகழ்ச்சியில் பாட வேண்டிய டிக்கி வாலன்டைன் உடம்புக்கு முடியாமல் படுத்துவிட, அவருக்குப் பதிலாக எங்கல்பர்ட் மேடை ஏறினார். மறுநாளிலிருந்து கடைகளில் தட்டு தங்கவில்லை. பிரிட்டனில் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. முதல் ஐம்பதுக்குள் 56 வாரம் இருந்தது. அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் நான்காம் இடம் வரை போனது.

அதே டெக்கா 1962 புத்தாண்டு நாளன்று பீட்டில்ஸைப் பாடவைத்துக் கேட்டு, வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய நிறுவனம் என்பதும் இசை உலகில் எல்லோரும் அறிந்த கதை. ஐந்தாண்டுகள் கழித்து அவர்களை முந்தியது டெக்காவின் தட்டு.

எதிர்ப்பக்கம் நின்ற தட்டு வேறொரு உலகம். 1966 ஆகஸ்டில் பீட்டில்ஸ் மேடைக் கச்சேரிகளை நிறுத்திவிட்டார்கள். ஜார்ஜ் ஹாரிசன் பம்பாய்க்கு வந்து ரவிசங்கரிடம் சிதார் படித்தார். நவம்பர் 24 அன்று லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவில் 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ்' பதிவு தொடங்கியது. ஒரு பாட்டுக்கு இத்தனை பொழுதா என்று அந்தக் காலத்தில் கேட்டிருப்பார்கள். வாரக்கணக்கில் இழுத்தது. கடைசியில் ஜான் லெனனுக்கு ஒரு பதிவின் முன்பகுதியும் இன்னொரு பதிவின் பின்பகுதியும் பிடித்திருந்தன. இரண்டும் வேறு வேறு சுருதி, வேறு வேறு வேகம். தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக்கும் ஒன்றின் வேகத்தைக் கூட்டி, மற்றதைக் குறைத்து, சுருதி ஒட்டும் இடம் பார்த்து நாடாவை வெட்டி ஒட்டினார்கள். பாட்டு தொடங்கி ஒரு நிமிஷம் ஆனதும் அந்த ஒட்டு வருகிறது. தெரிந்து கேட்டால் லெனனின் குரல் அந்த இடத்தில் கொஞ்சம் கனப்பதை உணரலாம். அதே பாட்டில் தந்திகளை ஒரே இழுப்பில் மீட்டும் ஒலி ஒன்று அங்கங்கே வரும். அது ஹாரிசன் வாசித்த ஸ்வரமண்டல், நம் வடக்கத்திப் பாடகர்கள் மடியில் வைத்து மீட்டும் அதே வாத்தியம். பிரிட்டனில் பிறந்தவர்கள் இந்திய வாத்தியத்தோடு பாடுகிறார்கள், இந்தியாவில் பிறந்தவர் அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டைப் பாடி அவர்களை முந்துகிறார். அந்த வசந்தத்தில் இசை எப்படி நாடு தாண்டிப் போய்க்கொண்டிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இரண்டு பாட்டையும் அடுத்து வரவிருந்த ஆல்பத்துக்காகத்தான் தொடங்கினார்கள். கம்பெனியும் மேனேஜர் பிரையன் எப்ஸ்டைனும் கடைக்கு உடனே ஒரு சிங்கிள் வேண்டும் என்று நின்றதால், 1967 பிப்ரவரி 17 அன்று இரண்டும் ஒரே தட்டின் இரு பக்கங்களாக வந்தன. முதல் பக்கம், இரண்டாம் பக்கம் என்ற பேதம் இல்லாமல் இரண்டுக்கும் சம மதிப்பு. இவற்றை ஆல்பத்திலிருந்து எடுத்துக் கொடுத்தது தன் தொழில் வாழ்க்கையின் மிகப் பெரிய தவறு என்று மார்ட்டின் பின்னாளில் சொன்னார்.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் இடம் இதுதான்.

1967-இல் பிரிட்டனில் அதிகாரபூர்வமான பட்டியல் என்று ஒன்று கிடையாது. 1952 நவம்பரில் 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' இதழின் விளம்பரப் பிரிவில் இருந்த பெர்சி டிக்கின்ஸ் சுமார் இருபது கடைகளுக்கு டெலிபோன் போட்டு, இந்த வாரம் எது அதிகம் போனது என்று கேட்டு எழுதிக்கொண்டதில் பிறந்தது இந்த வழக்கம். 1956-இல் 'மெலடி மேக்கர்' தன் பட்டியலைத் தொடங்கியது. 'டிஸ்க்' என்ற இதழும் ஒன்று போட்டது. 1960 மார்ச்சில் 'ரெக்கார்டு ரீட்டெயிலர்' சேர்ந்துகொண்டது. கடைக்காரர்களுக்கான வணிக இதழ், ஆரம்பத்தில் சுமார் முப்பது கடைகளின் கணக்கு. பி.பி.சி. இவற்றை எல்லாம் கூட்டிச் சராசரி எடுத்துத் தனக்கென்று ஒன்று வைத்துக்கொண்டது. ஒரே வாரத்தில் ஒரே பாட்டு ஓர் இதழில் முதலிடத்திலும் இன்னோர் இதழில் மூன்றாம் இடத்திலும் இருக்கலாம். யாரும் அதைக் குறையாக நினைக்கவில்லை. 1969 பிப்ரவரியில்தான் பி.பி.சி.யும் 'ரெக்கார்டு ரீட்டெயிலர்' இதழும் சேர்ந்து, பிரிட்டிஷ் மார்க்கெட் ரிசர்ச் பீரோ என்ற நிறுவனத்தைக் கொண்டு, 300 கடைகள் விற்பனையைக் குறிப்பேட்டில் எழுதித் தபாலில் அனுப்பும் முறையைக் கொண்டுவந்தன.

அந்த மார்ச்சில் 'மெலடி மேக்கர்' என்ன சொன்னது? பீட்டில்ஸ் தட்டு முதலிடம், மூன்று வாரம். அதாவது 1967-இல் 'மெலடி மேக்கர்' வாங்கிப் படித்த ஒரு லண்டன் இளைஞனுக்கு பீட்டில்ஸ் தோற்கவே இல்லை.

பிறகு எப்படித் தோல்வி நிலைத்தது? 1977-இல் பிரிட்டனின் வெற்றிப் பாடல்களைத் தொகுத்து கின்னஸ் வெளியிட்ட புத்தகம், 1960 முதலான காலத்துக்கு 'ரெக்கார்டு ரீட்டெயிலர்' கணக்கையே ஆதாரமாக எடுத்துக்கொண்டது. ஐம்பது இடங்கள் வரை போட்ட விரிவான பட்டியல் அதுதான் என்பதால் தொகுப்பாளர்களுக்கு அது வசதி. அந்தப் புத்தகம் எல்லோர் அலமாரியிலும் ஏறியது. அதற்குப் பிறகு அதுவே வரலாறு. இதனால் பாதிக்கப்பட்ட பாட்டு 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ்' மட்டுமல்ல. 1963 தொடக்கத்தில் வந்த 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' மற்ற இதழ்களில் முதலிடம் பெற்றது. 'ரெக்கார்டு ரீட்டெயிலர்' மட்டும் இரண்டாம் இடம் கொடுத்தது. 2000-இல் பீட்டில்ஸின் முதலிடப் பாடல்கள் 27-ஐத் தொகுத்து '1' என்ற ஆல்பம் வந்தபோது அந்தப் பாட்டுக்கு இடமில்லை. 'பென்னி லேன்' உள்ளே வந்தது, ஏனென்றால் அமெரிக்காவில் பில்போர்டு இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக எண்ணி அதற்கு முதலிடம் கொடுத்திருந்தது. அங்கே எட்டாம் இடம் பெற்ற 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ்' வெளியே நின்றது. ஒரே தட்டு, ஒரே விற்பனை, ஒரு பக்கம் சேர்த்தி, மறுபக்கம் தள்ளுபடி. முப்பது சொச்சம் ஆண்டுகள் கழித்தும் ஒரு பழைய வணிக இதழின் கணக்கு, எந்தப் பாட்டைப் புதிய தலைமுறை கேட்க வேண்டும் என்று தீர்மானித்தது.

எங்கல்பர்ட்டின் வெற்றி பொய் என்று நான் சொல்ல வரவில்லை. பத்து லட்சம் பேர் காசு கொடுத்து வாங்கியது மெய். பட்டியல் எண்ணுவது தட்டு வாங்குபவரை. கேட்பவர் அதில் வருவதில்லை. பிரிட்டனில் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. வீட்டுக்கு வீடு ரெக்கார்டு பிளேயர் வந்துவிட்ட நாட்டில் ஒரு விற்பனை என்றால் ஒரு வீடு. அருப்புக்கோட்டையில் அந்தக் கணக்கு நொறுங்கிவிடும்.

அன்று ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த அருப்புக்கோட்டை நெசவு ஊர். தெருவுக்குத் தெரு தறிச் சத்தம், சுற்றிலும் மானாவாரிப் பருத்தியும் சோளமும் கம்பும். கிழக்கே குண்டாற்றங்கரையில் திருச்சுழி. ரமணர் பிறந்த ஊர் என்று உலகத்துக்குத் தெரியும். எங்களுக்கு அது கோயிலும் சந்தையும் உள்ள பக்கத்து ஊர். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் இசைத்தட்டை விலைக்கு வாங்கியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். வசதியான வீட்டில் கைப்பிடி சுற்றி ஓட்டும் கிராமபோன் இருக்கும். இந்தியாவில் மின்சாரம் எட்டாத வீடுகள் அத்தனை இருந்ததால்தான், பிரிட்டன் 1960 வாக்கில் கைவிட்ட 78 சுற்று அரக்குத் தட்டுகளைக் கல்கத்தா டம்டம் தொழிற்சாலையில் கிராமபோன் கம்பெனி மேலும் பல ஆண்டுகள் அழுத்திக்கொண்டிருந்தது. பீட்டில்ஸ் பாட்டுகள்கூட அங்கே 78 சுற்றுத் தட்டாக வந்தன. இன்று உலகம் முழுக்க உள்ள சேகரிப்பாளர்கள் அந்த இந்தியத் தட்டுகளைத் தேடி அலைகிறார்கள்.

தட்டை வாங்கிய மற்றவர் சவுண்டு செட்டுக்காரர். அவரிடம் ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு பிளேயர், இரண்டு குழாய், ஒரு தகரப் பெட்டி நிறைய ரிக்கார்டு. கல்யாணம், சடங்கு, காதுகுத்து, பங்குனிப் பொங்கல் எதுவானாலும் முதல் நாள் சாயங்காலமே வேப்பமரத்திலோ மூங்கில் நட்டோ குழாய் கட்டிவிடுவார். கரிசல் காடு மேடு பள்ளம் இல்லாத வெட்டவெளி. இங்கே கட்டிய குழாய்ச் சத்தம் காற்று வாக்கில் அடுத்த ஊர்க் கண்மாய்க் கரை வரைக்கும் போகும். களையெடுப்பவர், ஆடு மேய்ப்பவர், கிணற்றில் கமலை இறைப்பவர் எல்லோருக்கும் அந்த வீட்டுப் பாட்டுத்தான் அன்றைய பாட்டு. விற்பனைக் கணக்கில் இது ஒரு தட்டு. கேட்டவர்கள் மூன்று கிராமம். அந்தத் தட்டு ஆண்டு முழுக்க எத்தனை ஊர் போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

என்ன போடுவது என்பதில் அவருக்கு முறை இருந்தது. முதலில் பிள்ளையார் பாட்டு, பிறகு முருகன். விடிகாலையில் பக்தி, பொழுது ஏறினால் சினிமா. கல்யாண வீட்டில் சோகப் பாட்டும் பிரிவுப் பாட்டும் ஆகாது. தெரியாமல் போட்டுவிட்டால் பெரியவர்கள் ஆள் அனுப்பி நிறுத்துவார்கள். பையன்கள் வந்து இன்ன படத்துப் பாட்டு என்று கேட்பார்கள். கேட்டதையே திரும்பத் திரும்பப் போடுவதா, வீட்டுக்காரர் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொள்வதா என்று அவர்தான் நிதானிக்க வேண்டும். டூரிங் டாக்கீஸிலும் இதே ஏற்பாடு. கொட்டகையில் குறிப்பிட்ட சாமி பாட்டு ஒலித்தால் டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள் என்று ஊருக்குள் இருப்பவர்கள் எழுந்து நடப்பார்கள். இந்த முறைப்படி பார்த்தால் 'ரிலீஸ் மீ' எந்தக் கல்யாண வீட்டிலும் ஏறியிருக்காது. ஒரு பாட்டு ஓடுவதற்கும் ஓடாததற்கும் விலையும் விளம்பரமும் மட்டுமே காரணமில்லை. எந்த வீட்டில் எந்த நேரத்தில் அதற்கு இடமுண்டு என்பதும் காரணம்.

மேலைநாட்டுத் தாளக்கட்டு இங்கே வரவில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. டெக்கா வழியாக வராததுதான் விஷயம். தூத்துக்குடியில் பிறந்து சிறு வயதில் கொழும்பில் இருந்த சந்திரபாபு வழியாக வந்தது. 1964-இல் வந்த 'காதலிக்க நேரமில்லை' போன்ற படங்களில் விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் போட்ட ட்விஸ்டு வழியாக வந்தது. கிட்டாரையும் டிரம்மையும் குழாயில் கேட்டே வளர்ந்த ஒரு தலைமுறை இங்கே உண்டு. லண்டனில் அது எந்த இடத்தில் இருந்தது என்ற கவலை அவர்களுக்கு இல்லை.

குழாய்க்கு அடுத்தது ரேடியோ. 1952-இல் மத்திய அமைச்சரான பி.வி. கேஸ்கர் ஆல் இந்தியா ரேடியோவில் திரைப்பாடல்களைக் குறைத்தார். பிறகு சில காலம் அவை அறவே ஒலிக்காமல் போயின. கடலுக்கு அந்தப் பக்கம் ரேடியோ சிலோன் அந்த வெற்றிடத்தை நிரப்பியது. இந்தி உலகத்துக்கு அமீன் சயானியின் 'பினாகா கீத்மாலா'. கடை விற்பனையோடு ரசிகர் சங்கங்கள் எழுதியனுப்பிய வாக்கையும் சேர்த்துப் பாடல்களை வரிசைப்படுத்திய நிகழ்ச்சி அது. வாங்கியவரையும் கேட்டவரையும் ஒரே தராசில் வைத்த அந்த முறை, பிரிட்டிஷ் இதழ்களின் முறையைவிட நேர்மையானது என்பது என் கருத்து. தென் தமிழ்நாட்டுக்குக் கொழும்பின் தமிழ் ஒலிபரப்பு. எஸ்.பி. மயில்வாகனம் போன்ற அறிவிப்பாளர்களின் குரல் அருப்புக்கோட்டை டீக்கடைகளில் பழகிய குரல். பஞ்சாயத்து ரேடியோவில் திருச்சி நிலையத்தின் விவசாயச் செய்தி முடிந்தால் கூட்டம் டீக்கடைக்கு நகரும். 1963 டிசம்பரில் திருநெல்வேலி நிலையம் வந்த பிறகும் கொழும்பின் பிடி தளரவில்லை. அதே 1967 ஜனவரியில் ரேடியோ சிலோன் கூட்டுத்தாபனமாகப் பெயர் மாறியது. கேட்டவர்கள் சிலோன் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இங்கே அந்த வாக்கு, தபால் கார்டு. கேட்கும் பாட்டு, படத்தின் பெயர், கூடவே தெருவில் உள்ள அத்தனை பேருடைய பெயரும். ஒரு கார்டில் பத்துப் பெயருக்கு மேல் நெருக்கி எழுதுவார்கள், ஏனென்றால் கொழும்பிலிருந்து தன் பெயர் வாசிக்கப்படுவதைக் கேட்பது பாட்டைக் கேட்பதைவிடப் பெரிய சந்தோஷம். பிரிட்டனின் கடைக் கணக்கில் இப்படி ஒரு இனம் கிடையாது. அங்கே வாங்கியவர் வெறும் எண். இங்கே கேட்டவருக்கு ஊரும் பேரும் இருந்தது, அது கடல் தாண்டி வாசிக்கவும் பட்டது.

எண்ணப்படாத கேட்பவர்கள் ஒரு பாட்டை என்ன செய்வார்கள் என்பதற்கு எங்கல்பர்ட் தட்டின் மறுபக்கமே சாட்சி சொல்கிறது. 'ரிலீஸ் மீ' தட்டின் பின்பக்கம் 'டென் கிட்டார்ஸ்', எழுதியவர் கோர்டன் மில்ஸ். பிரிட்டனில் அதை யாரும் சட்டை செய்யவில்லை. நியூசிலாந்தில் தட்டைத் திருப்பிப் போட்டார்கள். சில ஸ்வரக் கட்டுகளில் அடங்கிவிடும் பாட்டு, கிட்டார் பிடிக்கத் தெரிந்த யாரும் வாசித்துவிடலாம், கூடியிருப்பவர்கள் சேர்ந்து பாடலாம். மாவோரிக் குடும்பங்களின் விருந்துகளிலும் மேடைகளிலும் அது நின்று ஊன்றிவிட்டது. அந்த நாட்டின் அதிகாரபூர்வமற்ற தேசிய கீதம் என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள். மெட்ராஸில் பிறந்த ஒருவர் எழுதி, மெட்ராஸில் பிறந்த இன்னொருவர் பாடி, லண்டன் கவனிக்காத பாட்டு ஆக்லாந்தில் வீட்டுப் பாட்டானது. முதலிடம் வாங்கிய பக்கத்துக்குப் பத்து லட்சம் விற்பனை. லண்டன் பட்டியல்கள் கவனிக்காத பக்கத்துக்கு ஒரு நாடு.

எங்கல்பர்ட் 2012-இல், 76 வயதில், யூரோவிஷன் போட்டியில் பிரிட்டனுக்காகப் பாடினார். 26 நாடுகளில் 25-ஆம் இடம். அந்த இரவு பத்திரிகைகள் அவரைத் தோற்றவர் என்று எழுதின. நியூசிலாந்தில் அன்றும் யாரோ ஒரு விருந்தில் அந்த மறுபக்கத்தைப் பாடியிருப்பார்கள்.

நம் பக்கத்துக்கு இப்படி ஒரு வரலாறு எழுத முடியுமா? முடியும் என்றே நினைக்கிறேன். அரக்குத் தட்டில் ஊசி ஓட ஓடக் கோடுகள் தேய்ந்து, கறுப்பு மங்கிச் சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். பழைய தட்டை வெயிலில் சாய்த்துப் பார்த்தால் எந்தப் பக்கம் அதிகம் ஓடியது என்று கண்ணால் பார்க்கலாம். சில தட்டில் ஒரு பக்கம் புதுசு போல மினுங்கும், மறுபக்கம் வெளுத்துக் கிடக்கும். கம்பெனி எதை முதல் பக்கமாக அச்சிட்டது என்பது லேபிளில் இருக்கிறது. ஜனங்கள் எதை முதல் பக்கமாக வைத்தார்கள் என்பது அந்தத் தேய்மானத்தில் இருக்கிறது. சவுண்டு செட்டுக்காரர்கள் தட்டு மாறிப்போகாமல் இருக்க லேபிளில் தங்கள் பெயரையும் ஊரையும் எழுதிவைப்பார்கள். அதனால் எந்த ஊரில் எந்தப் பாட்டு ஓடியது என்பதும் ஓரளவு தெரிந்துவிடும். கடைக் குறிப்பேடு இல்லாத நாட்டில் இதுதான் நமக்கு மிஞ்சிய பட்டியல், லண்டன் இதழ்களின் பட்டியலைவிட இது நெருக்கமானதும்கூட.

கேசட் வந்தபோது பெட்டிகள் பரணுக்குப் போயின. பரண் இடிந்தபோது பல பெட்டிகள் பழைய இரும்புக் கடைக்குப் போயின. அரக்குக்கு எடைக்குப் போட்டால் காசு வராது என்பதால் தப்பியவை சில உண்டு. அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, பந்தல்குடி, திருச்சுழி, நரிக்குடி என்று பழைய செட்டுக்காரர் வீடுகளில் கேட்டுப் பார்த்தால் இன்னும் சில பெட்டிகள் கிடைக்கும். தட்டு எண், படம், இரண்டு பக்கத்துப் பாட்டு, எந்தப் பக்கம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, லேபிளில் எழுதிய பெயர், வாங்கிய கடையின் முத்திரை. ஒரு பெட்டிக்கு ஒரு பள்ளிக்கூட நோட்டுப் போதும். வீட்டில் பெரியவர் யாராவது இருந்தால், எந்த வீட்டு விசேஷத்தில் எந்தப் பாட்டை நிறுத்தச் சொன்னார்கள் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அது எந்தத் தட்டிலும் இருக்காது.